மிடில்டன் பாதையும் பழைய டீசல் எஞ்சினும்

ரெயில் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது விரைந்தோடும் வண்டி. ஊதல் ஒலிக்கிறது, கார்டு பச்சைக் கொடியை அசைக்கிறார், வண்டி புறப்பட்டுவிடுகிறது. அந்த வண்டியின் பெட்டிகளை வரிசைப்படுத்தி நிறுத்தியவர் யார், எஞ்சினைக் கொண்டுவந்து அதன் தலைப்பில் பூட்டியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. பெட்டிகளைப் பிரிப்பதும், தடம் மாற்றுவதும், வேண்டிய வரிசையில் மீண்டும் கோப்பதும் ஒரு தனி வேலை. நம் ரெயில்வே ஊழியர்கள் அதனை ‘ஷண்டிங்’ என்பார்கள். அமெரிக்கர் ‘ஸ்விச்சிங்’ என்பார்கள். அவ்வேலையைச் செய்யும் எஞ்சினுக்கு வேகம் வேண்டியதில்லை. அதைப் பார்ப்பதற்கென்று டிக்கெட் வாங்கி வருபவரும் அரியர். ஆயினும் இங்கிலாந்தில் 200 ஆண்டு கண்ட ஒரு ரெயில்பாதை அழிந்துபோகாமல் நின்றது, பெரும்பாலும் இந்தச் சாமானிய வேலையால்தான். அதனைச் செய்தவர்களில் பலர் உங்களைப் போன்ற கல்லூரி மாணவர்கள் என்பதனால், அந்த வரலாறு உங்கள் செவிக்கு உரியது என்று கருதுகிறேன்.

இங்கிலாந்தின் வடபகுதியில் லீட்ஸ் என்றொரு பெரிய தொழில் நகரம் இருக்கிறது. அதன் தெற்கே மிடில்டன் என்னும் இடத்தில் பிராண்ட்லிங் குடும்பத்தாருக்கு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. அங்கு வெட்டிய கரியை நகரத்துக்குக் கொண்டுவர ஒரு வண்டிப் பாதை தேவைப்பட்டது. அதனை அமைக்க 1758-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டமே இயற்றியது. ரெயில்பாதை ஒன்றுக்காகப் பார்லிமெண்டு இயற்றிய முதற் சட்டம் அதுதான். ரெயில்பாதை என்றதும் நீராவி எஞ்சினை நினைத்துவிட வேண்டாம். அன்று தண்டவாளமும் மரம், இழுத்தவை குதிரைகள்.

பிறகு நெப்போலியனோடு யுத்தம் வந்தது. குதிரைத் தீவனத்தின் விலை ஏறியது. சுரங்கத்தை நிர்வகித்து வந்த ஜான் பிளெங்கின்ஸாப், குதிரைக்குப் பதில் நீராவியைப் பூட்டலாமா என்று ஆலோசித்தார். அங்கே ஒரு சங்கடம் குறுக்கிட்டது. அக்காலத்து வார்ப்பிரும்புத் தண்டவாளம் எளிதில் முறியக்கூடியது. எஞ்சின் கனமாக இருந்தால் தண்டவாளம் உடையும். இலேசாக இருந்தால் சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். பிளெங்கின்ஸாப் தண்டவாளத்தின் ஓரத்திலேயே பற்களை வார்க்கச் செய்து, எஞ்சினில் ஒரு பற்சக்கரத்தைப் பொருத்தி, அது பல்லைப் பற்றிக்கொண்டு முன்னேறுமாறு ஓர் ஏற்பாடு செய்தார். 1811-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மாத்யூ மர்ரே என்ற பொறியாளர் எஞ்சினைக் கட்டித் தந்தார். 1812-ல் அது ஓடத் தொடங்கியது. வியாபார ரீதியில் வெற்றி கண்ட முதல் நீராவி ரெயில் எஞ்சின் என்ற பெருமை அதற்கு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் சென்றவர்கள், கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் ஓடுவதைக் கண்டிருப்பார்கள். அது பின்னால் வந்த ஆப்ட் என்பவரின் முறை, ஏற்றத்துக்காக ஏற்பட்டது. மிடில்டனின் பல், வழுக்கலுக்காக ஏற்பட்டது. ஆனாலும் இரண்டும் ஒரே எண்ணத்தின் கிளைகள்தாம்.

நடுவிலுள்ள ஒரு நூற்றாண்டை விரைவாகக் கடந்துவிடுவோம். மிடில்டனில் 1830-களில் மீண்டும் குதிரை வந்தது. 1866-ல் மீண்டும் நீராவி வந்தது. 1881-ல் பாதையின் அகலம் பொது அளவுக்கு மாற்றப்பட்டது. 1947-ல் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசவுடைமை ஆயின. 1950-களின் முடிவில் சுரங்கத்துக்கு இப்பாதையின் தேவை குறைந்தது. 1958-ல் பாதைக்கு 200 வயது நிறைவு பெற்றபோது, அதன் ஒரு பகுதி கைவிடப்படும் நிலையில் இருந்தது.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெயில்வேயில் ஈடுபாடு கொண்ட மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. அதற்கு ஊக்கமளித்தவர் பிரெட் யூயல் என்ற பல்கலைக்கழக ஆசிரியர். அவரும் மாணவர்களும் நகரத்து ஆர்வலர்களும் ஒன்றுகூடி, 1959-ன் இறுதியில் பாதையைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். தொண்டர்கள் கூடி ரெயில்பாதையை நடத்துவது அப்போது முற்றிலும் புதிதன்று. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்ற குறுகிய பாதையை 1951 முதல் தொண்டர்கள் நடத்திவந்தார்கள். ஆனால் முழு அகலப் பாதை ஒன்றை ஊதியம் பெறாத தொண்டர்கள் ஏற்று நடத்தியது மிடில்டனில்தான் முதன்முறை.

1960-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர்கள் ஒரு வார காலத்துக்குப் பிரயாணிகள் வண்டி விட்டார்கள். அந்த வண்டியைக் கண்டிருந்தால் நீங்கள் வியந்திருப்பீர்கள். பெட்டி, வேல்ஸிலிருந்து வந்த ஒரு மாடி டிராம். ஸ்வான்ஸி நகரிலிருந்து மம்பிள்ஸ் என்ற கடற்கரை ஊருக்குச் சென்ற பாதையில் அது மின்சாரத்தால் ஓடிக்கொண்டிருந்தது. 1807-ல் உலகிலேயே முதன்முதலாகக் கட்டணம் வாங்கிப் பிரயாணிகளை ஏற்றிய ரெயில்பாதை அந்த மம்பிள்ஸ் பாதை. 1960 ஜனவரியில் அது மூடப்பட்டுவிட்டது. 106 பேர் அமரக்கூடிய அந்தப் பெரிய டிராம் லீட்ஸுக்கு வந்து சேர்ந்தபோது, இங்கே அதற்கு மின்கம்பி இல்லை. ஆகவே தானாக ஓடவேண்டிய வண்டி, பிறரால் இழுக்கப்படும் பெட்டியாகிவிட்டது. இழுக்க வந்த எஞ்சின், பக்கத்திலேயே இருந்த ஹன்ஸ்லெட் எஞ்சின் கம்பெனியிடமிருந்து வாடகைக்கு எடுத்தது. 1931-ம் ஆண்டைச் சேர்ந்த, ஆறு சக்கரங்கள் கொண்ட ஒரு சிறு டீசல் எஞ்சின்; பெயர் ‘ஜான் ஆல்காக்’. ஷண்டிங் வேலைக்கு டீசல் ஏற்றதா என்று பிரிட்டனின் பெரிய ரெயில்வே கம்பெனிகள் பரிசோதித்த காலத்தில் பிறந்தது அது.

நீராவியின் முதல் வெற்றியைக் கண்ட பாதையில், தொண்டர்களின் முதல் வண்டியை இழுத்தது டீசல்! நீராவி எஞ்சினின் புகையிலும் ஒலியிலும் மனத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு இது சற்றுக் கசக்கும். எனக்கோ இது மிகவும் பொருத்தமாகவே படுகிறது. 1812-ல் பிளெங்கின்ஸாப் செய்ததும், 1960-ல் மாணவர்கள் செய்ததும் ஒன்றே: கையிலிருக்கும் வேலைக்கு எது உதவுமோ அதைப் பூட்டினார்கள்.

அந்த ஒரு வாரம் முடிந்தது. கூட்டம் கலைந்தது. அதன்பின் பாதை எதைக்கொண்டு வாழ்வது? தண்டவாளத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும். மக்கள் மறந்துவிடாமலிருக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும். பாதையோரத்தில் இரும்புத் தகடுகளைக் கொண்டு பெரிய கலங்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பழைய இரும்பு வியாபாரி ஒருவரின் கிடங்கும் இருந்தது. அவர்களுக்கு வரும் சரக்கையும் அவர்களிடமிருந்து போகும் சரக்கையும் கொண்டுசெல்லும் பொறுப்பைச் சங்கம் ஏற்றது. 1960 செப்டம்பர் மாதம் சரக்குப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. தொழிற்சாலைக்குச் சரக்கு தேவைப்படுவது வேலை நாட்களில். தொண்டர்களுக்கோ அந்நாட்களில் கல்லூரியும் உத்தியோகமும் உண்டு. அப்படியிருந்தும் அவர்கள் அதை 1983 வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகள் நடத்தினார்கள். பிரயாணிகளுக்கான வண்டி ஒழுங்காக ஓடத் தொடங்கியது 1969-ல்தான். அதாவது, முதல் ஒன்பது ஆண்டுகள் இந்தப் பாதையை ஓடும் பாதையாக வைத்திருந்தது சரக்கு வண்டி. ஒரு மைல் நீளப் பாதையில் சரக்கு வண்டி நடத்துவதென்றால், ஓட்டம் கொஞ்சம், ஷண்டிங் மிகுதி.

அந்த வேலை எத்தகையது என்று ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேர்ப்பாதை, அதிலிருந்து ஒரு கிளைப்பாதை பிரிந்து தொழிற்சாலைக்குள் போகிறது. பிரியுமிடத்தில் நெம்புகோலால் தள்ளித் தடம் மாற்றும் பாயிண்ட் இருக்கிறது. எஞ்சின் மூன்று வாகன்களைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. எஞ்சினை ஒட்டி நிற்பது ‘க’, அடுத்தது ‘ச’, பாயிண்டை நோக்கி முன்னால் நிற்பது ‘த’. க, த இரண்டும் தொழிற்சாலைக்கு உரியவை. நடுவில் நிற்கும் ‘ச’ பழைய இரும்புக் கிடங்குக்காக நேர்ப்பாதையில் மேலே போகவேண்டியது. என்ன செய்வது?

பாயிண்டைக் கிளைக்குத் திருப்பி, மூன்றையும் தள்ளி, ‘த’ உள்ளே போனதும் அதைக் கழற்றிவிட்டுப் பின்வாங்க வேண்டும். பாயிண்டை நேர்ப்பாதைக்கு மாற்றி, ‘ச’வை மேலே தள்ளிக் கழற்றிவிட்டுப் பின்வாங்க வேண்டும். மறுபடியும் பாயிண்டைக் கிளைக்குத் திருப்பி, ‘க’வைத் தள்ளி ‘த’வோடு சேர்த்துக் கோத்து, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வெளியே வரவேண்டும். எண்ணிப் பாருங்கள். எஞ்சின் மூன்று முறை முன்னே போயிற்று. மூன்று முறை பின்னே வந்தது. பாயிண்டை மூன்று முறை அமைக்க வேண்டியிருந்தது. மூன்று முறை கழற்றினோம். ஒரு முறை கோத்தோம். நடுவில் நிற்கும் ஒரு வாகனைப் பிரித்தெடுக்க இவ்வளவு! ஐந்து வாகன்கள் கலந்து வந்தால் எவ்வளவு ஆகும் என்பதை உங்கள் ஓய்வு நேரத்துக்கு விட்டுவிடுகிறேன்.

காகிதத்தில் இது விளையாட்டு. தரையில் அப்படியன்று. அக்காலத்துப் பிரிட்டிஷ் சரக்கு வாகன்களில் பெரும்பாலானவற்றுக்கு, எஞ்சினிலிருந்து இயங்கும் தொடர் பிரேக் கிடையாது. வாகனின் பக்கத்தில் ஒரு கைநெம்புகோல் இருக்கும். அதைக் கீழே அழுத்தி முளை செருகினால்தான் அந்த வாகன் நிற்கும். ஆகவே 20 அல்லது 25 டன் எடையுள்ள சிறு எஞ்சின், தன்னைப்போல் மூன்று மடங்கு பாரத்தைத் தன் பிரேக் ஒன்றினாலேயே அடக்கவேண்டிய நிலை வரும். ஈரமான தண்டவாளத்தில் அது எளிதன்று. ஓட்டுபவர் மெதுவாகச் செல்வது சோம்பலால் அன்று. நிறுத்த முடியும் என்ற உறுதி இருக்கும் வேகத்தில் மட்டுமே அவர் செல்லலாம்.

வாகன்களைப் பிணைப்பது மூன்று வளையங்கள் கொண்ட கனமான சங்கிலி. அதனைத் தூக்கி மாட்டத் தொழிலாளியிடம் நுனியில் கொக்கி வைத்த நீண்ட மரக்கழி ஒன்று இருக்கும். இரண்டு வாகன்களின் நடுவே புகாமல், பக்கத்தில் நின்றபடியே அவர் கழியால் சங்கிலியைத் தூக்கிப் போடுகிறார். பழகிய கைக்கு ஒரு வீச்சு போதும். பழகாத கைக்குத் தோள் கழன்றுவிடும்! பிரயாணிகள் பெட்டிகளைத் திருகு இணைப்பால் பிணைப்பார்கள். அதற்கு ஆள் உள்ளே புகுந்தே ஆகவேண்டும். அப்போது எல்லாச் சக்கரங்களும் நின்றிருக்க வேண்டும். தாம் உள்ளே புகுவதை ஓட்டுபவருக்குத் தெரிவித்து, அவர் அதை அறிந்துகொண்டார் என்பதும் உறுதியாக வேண்டும். பகலில் கையசைவு, இரவில் விளக்கு. இவையே இருவருக்கும் இடையிலுள்ள மொழி. இந்த மொழியில் ஒரு விதி மற்றெல்லாவற்றிலும் மேலானது. சைகை காட்டுபவர் கண்ணுக்கு மறைந்துவிட்டால், ஓட்டுபவர் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் பத்தடி இருக்கும்’ என்ற ஊகத்துக்கு அங்கே இடமில்லை. அந்தப் பத்தடிக்குள் ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கலாம்.

இப்படி முன்னும் பின்னுமாக அசைந்து, நடுநடுவே வெகுநேரம் சும்மா நிற்கும் வேலைக்கு நீராவி எஞ்சின் அவ்வளவு உகந்ததன்று. ஆறிப்போன கொதிகலத்தில் தீ மூட்டி நீராவி பிடிக்கப் பல மணி நேரம் செல்லும். வேலையில்லாமல் நின்றாலும் கரி எரிந்துகொண்டே இருக்கும். மாலையில் சாம்பலை வாரிச் சுத்தம் செய்ய வேண்டும். மதியம் ஒரு மணி நேரம் மட்டும் ஓய்வு கிடைக்கும் தொண்டருக்கு இது எப்படி இயலும்? டீசல் எஞ்சினையோ சிறிது நேரத்தில் இயக்கிவிடலாம். வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டுப் போகலாம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் கருவி எதுவும் இல்லை. உருளைக்குள் காற்றைப் பதினைந்தில் ஒரு பங்காக நசுக்கினால், அது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறிவிடும். அந்தக் காற்றில் எண்ணெயைத் தூவினால் தானாகவே தீப்பற்றுகிறது. ஆனால் டீசலுக்கு ஒரு பெருங்குறை உண்டு. நீராவி எஞ்சின், நின்ற நிலையிலேயே முழுப் பலத்தோடு இழுக்கும். டீசல் எஞ்சினோ ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால்தான் பலம் காட்டும். நின்றுவிட்டால் அதற்குப் பலமே இல்லை. ஆகையால் சுழலும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் மெல்ல மெல்ல இணைக்க ஒரு சாதனம் வேண்டும். ‘ஜான் ஆல்காக்’ போன்ற ஆரம்ப கால எஞ்சின்களில், மோட்டார் லாரியில் உள்ளதுபோல் கிளச்சும் கியர்களும் அந்த வேலையைச் செய்தன. ஒரு நாளில் நூறு முறை புறப்பட்டு நூறு முறை நிற்கும் ஷண்டிங்கில், கிளச் தேய்ந்து சூடேறியது. டீசல் எஞ்சினால் டைனமோவைச் சுழற்றி, அம்மின்சாரத்தால் மோட்டாரை இயக்கிச் சக்கரத்தைத் திருப்பும் முறை அதனால்தான் பின்னர் வென்றது. நின்ற நிலையிலிருந்து இழுக்க மின்சார மோட்டாருக்கு நிகரில்லை. 1952 முதல் 1962 வரை பிரிட்டிஷ் ரெயில்வே இந்த முறையில் ஒரே மாதிரியான 350 குதிரைத் திறன் ஷண்டிங் எஞ்சின்களைக் கட்டியது. பின்னாளில் ‘08’ என்று வகை எண் பெற்ற அவற்றின் தொகை மட்டும் 996.

அவற்றுள் பல இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கான பழம்பெரும் பாதைகளில் இருக்கின்றன. அவையே 60 வயதைத் தாண்டிவிட்டன. அங்கெல்லாம் காலையில் நடப்பதைப் பாருங்கள். பயணிகள் வருமுன்பே ஒரு பழைய டீசல் எஞ்சின் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறது. தீ மூட்டாத நீராவி எஞ்சினை அது இழுத்து வெளியே நிறுத்துகிறது. பெட்டிகளைக் கோத்து மேடைக்குக் கொண்டுவருகிறது. கரி ஏற்றிய வாகனை உரிய இடத்தில் தள்ளிவிட்டு ஓரமாய் ஒதுங்குகிறது. பத்து மணிக்கு நீராவி எஞ்சின் வந்து பூட்டிக்கொண்டதும் கூட்டம் ஆரவாரிக்கிறது.

நீராவி எஞ்சின் பழையது, ஆகவே காக்கத்தக்கது. டீசல் நேற்று வந்தது, உடைந்தால் எறிந்துவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. இந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடில்லை. காப்பதில் உள்ள சிரமத்தைப் பார்த்தால், டீசலே நம் கவனத்தை அதிகம் வேண்டி நிற்பது. நீராவி எஞ்சினின் உறுப்புகளிற் பலவற்றை நல்ல பட்டறையில் புதிதாக அடித்துக்கொள்ளலாம். டீசலின் எண்ணெய்ப் பம்பும் தூவிக் குழாய்களும் மயிரிழையிலும் நுண்ணிய அளவில் செய்யப்பட்டவை. அவற்றைச் செய்த கம்பெனிகள் பல இன்று இல்லை. மோட்டாரின் கம்பிச் சுருள் ஈரத்தில் காப்புக் கெட்டுவிடும். குளிர் நாடுகளில், உறைபனிக் காலத்துக்கு முன் குளிர்விக்கும் நீரை வடித்துவிட மறந்தால், நீர் உறைந்து பருத்து எஞ்சினின் வார்ப்பையே பிளந்துவிடும். நெடுநாள் நின்ற எஞ்சினை அவசரப்பட்டு இயக்கிவிடவும் கூடாது. முதலில் கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உருளைக்குள் நீர் கசிந்து தேங்கியிருந்தால், காற்றைப்போல் அது நசுங்காது; இணைப்புத் தண்டுதான் வளையும். மசகெண்ணெய் எல்லா இடத்துக்கும் சென்றதா என்று பார்த்த பிறகே இயக்கத்துக்கு அனுமதி. தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று, இவற்றையெல்லாம் பதினெட்டு இருபது வயது இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பாதைகளில்தான் பழைய டீசல்கள் உயிரோடிருக்கின்றன.

மிடில்டனில் சுரங்கம் 1968-ல் மூடப்பட்டது. சரக்குப் போக்குவரத்தும் 1983-ல் நின்றது. இப்போது மூர் ரோடு நிலையத்திலிருந்து மிடில்டன் பூங்கா வரை சுமார் ஒரு மைல் தூரம் சுற்றுலா வண்டி ஓடுகிறது. பூங்காவை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தின் வழியே கொண்டுவந்து, வண்டியின் மறுமுனையில் மாட்டுகிறார்கள். 1960-ல் வந்த மாடி டிராம் காக்கப்படவில்லை. விஷமிகள் அதனைச் சிதைத்துத் தீ வைத்தார்கள். எஞ்சியது பழைய இரும்பாகப் போயிற்று. அதனை இழுத்த ‘ஜான் ஆல்காக்’ எஞ்சின் இன்றும் மிடில்டன் பாதையின் சேகரிப்பில் இருக்கிறது.